தாடி வளர்த்த ராசாவும் மூன்று கேள்விகளும்

ஏழு ஏரிகளைத் தாண்டி, எட்டாவது ஏரியின் கரையில் கொன்றைச் சீமை என்று ஒரு சீமை இருந்ததாம். அந்தச் சீமைக்கு ஒரு ராசா. ராசாவுக்கு ஒரு கோட்டை. கோட்டைக்கு ஒரு யானை. யானைக்கு ஒரு கண்தான் தெரியும். அந்த யானை நம்ம கதைக்கு வேண்டாம், அது பாட்டுக்குக் கரும்பு தின்னட்டும். நமக்கு வேண்டியவள் கோட்டைக்கு வெளியே, இலுப்பை மரத்துத் தெருவில் இருந்த காத்தாயி.

காத்தாயி மருத்துவச்சி. அந்த ஊரில் நடந்து போகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையில் வந்து விழுந்தவர்கள்தான். அவள் புருஷன் நல்லாண்டி, ஊர் நாவிதர். கத்தியும் கிண்ணமும் தீட்டுக்கல்லும் வைத்த தோல்பை ஒன்று எப்போதும் அவர் தோளில் தொங்கும். அதற்கு அடப்பம் என்று பெயர். பிள்ளைகள் பிறக்கும்போது காத்தாயியைப் பார்க்கும், மீசை முளைக்கும்போது நல்லாண்டியைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் சொந்தமாகப் பிள்ளை கிடையாது. ஒரு பாய், ஒரு அடுப்பு, ஓயாத சண்டை. அந்தச் சண்டையும் உப்பைப் பற்றித்தான். "கஞ்சியில உப்பு பத்தலை" என்பார் அவர். "நாக்கு செத்துப் போச்சு உங்களுக்கு" என்பாள் அவள். அப்படி முப்பது வருஷம்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சீமையிலும் இல்லாத வழக்கம்.

கிரீடம் வைத்தவன் எல்லாம் அங்கே ராசா ஆகிவிட முடியாது. ஒவ்வொரு சித்திரை முதல் நாளும் ராசா கோட்டையை விட்டு இறங்கி வரவேண்டும், இலுப்பை மரத்தடியில் ஒரு மணைப்பலகையில் தரையோடு தரையாக உட்காரவேண்டும், ஊரெல்லாம் சுற்றி நிற்க, நாவிதர் தண்ணீர் தடவி, கத்தியைக் கொண்டுபோய் ராசாவின் தொண்டையில் வைப்பார். வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார். கேட்கும்போது சாமி என்று சொல்லமாட்டார், மகராசா என்று சொல்லமாட்டார். "நீ" என்றுதான் சொல்வார்.

"காரணம் சொல்லாம யாரையாவது அடைச்சு வைப்பியா?"

"வைக்க மாட்டேன்." ஒரு சிரைப்பு.

"ஊரைக் கேக்காம ஊர் நெல்லைத் தொடுவியா?"

"தொட மாட்டேன்." இன்னொரு சிரைப்பு.

"ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்." மூன்றாவது சிரைப்பு. மோவாய் பளபளவென்று ஆகிவிடும். அப்புறம்தான் அவர் ராசா.

தலையை ஆட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது, கவனித்தீர்களா? தொண்டையில் கத்தி இருக்கிறது. தலையை ஆட்டினால் தலை தனியாகப் போய்விடும். அதனால் வாயைத் திறந்துதான் சொல்லவேண்டும், ஊர் கேட்கச் சொல்லவேண்டும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது? ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு ராசா இருந்தார். அவர் வாயில் வந்ததெல்லாம் சட்டம். காலையில் ஒரு சட்டம், சாயங்காலம் ஒரு சட்டம். இன்றைக்குத் தும்மினவனைப் பிடித்து அடைத்தார்கள், நாளைக்குத் தும்மாதவனைப் பிடித்து அடைத்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர், ஒருநாள் மாடு கன்று சட்டி பானையோடு கிளம்பி எட்டாவது ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டது. ராசா கோட்டைச் சுவரில் ஏறிப் பார்த்தார். ஒரு வீட்டிலும் புகை இல்லை. முதல் நாள் பசித்தது. இரண்டாம் நாள் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் தாடி அரித்தது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இறங்கி ஏரிக்கரைக்குப் போய், "யாராவது இதை எடுத்து விடுங்கப்பா" என்று நாவிதர் முன்னால் உட்கார்ந்தார். நாவிதர் கத்தியை வைத்தார், வைத்த கையை எடுக்காமல் கேட்டார். அன்றைக்குக் கேட்டதுதான் அந்த மூன்று கேள்வி. தாடி வளர்கிற மாதிரி மறதியும் வளரும் என்று, வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்துச் சிரைத்துக்கொண்டு வந்தார்கள்.

இப்போது இருந்த ராசா மாறவேள். வயது இருபத்தைந்து. அவரும் காத்தாயி கையில் விழுந்தவர்தான். பிறந்தபோது கருகருவென்று, ஓயாமல் ரீங்காரம் போட்டுக்கொண்டு இருந்ததால் அவள் அவருக்குக் கருவண்டு என்று பெயர் வைத்திருந்தாள். தாய் சீக்கிரம் போய்விட்டாள். மூன்று வயது வரைக்கும் காத்தாயிதான் கால்களை நீட்டி, கால்மேல் போட்டுக் குளிப்பாட்டி விட்டாள். நல்ல பிள்ளை. ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பேச்சைக் கேட்கிற பிள்ளை. கோட்டையில் எப்போதும் கடைசியாகப் பேசுகிறவன் தானாபதி சூரப்பன். தானாபதி என்றால் ராசாவுக்கு வலதுகை.

ஒரு தை மாதம் சூரப்பன் சொன்னான்: "மகராசா, மேற்கே ஒரு ராசா இருக்கார். அவர் நடந்தா நிழல்கூட ஒதுங்கி நிக்குது. நீங்க என்னடான்னா வருஷம் தவறாம ஒரு நாவிதன் முன்னால தரையில உக்காந்து, நீ வா போன்னு பேச்சு வாங்கறீங்க."

"என்னப்பா செய்யறது? வழக்கம்."

"வழக்கத்தை யாரு மாத்தச் சொன்னா? தாடியை வளருங்க. சவரம் இல்லைன்னா கத்தி இல்லை. கத்தி இல்லைன்னா கேள்வி இல்லை. அவ்வளவுதானே!"

ராசாவுக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. தாடியை விட்டார்.

அப்புறம்தான் ஊர் ஒரு தப்பு செய்தது. ராசாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. ராசா தாடி வளர்க்கிறார் என்றதும், "பாவம், பிள்ளை வேணும்னு ஏதோ சாமிக்கு வேண்டிக்கிட்டிருக்கார்" என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது. வேண்டுதல் தாடியைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக்கூடாது, கேட்டால் பலிக்காது. தெருவில் ராசா வந்தால் பெண்கள் அந்தத் தாடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காத்தாயியும் போட்டுக்கொண்டாள். "கருவண்டுக்கு ஒரு புள்ளை வரணும் தாயே" என்று வேண்டிக்கொண்டாள்.

சித்திரை முதல் நாள் வந்தது. மணைப்பலகை இலுப்பை மரத்தடியில் காத்திருந்தது. ராசா வரவில்லை. "வேண்டுதல்ல இருக்கார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஊர் கலைந்தது. நல்லாண்டிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"தாடியை எடுக்க வேணாம். சும்மா கத்தியை வச்சு மூணு கேள்வியைக் கேட்டுட்டு வந்துடறேன்."

"வேண்டுதலைக் கெடுக்காதீங்க."

"இது மட்டும் என்னவாம்? ஏழு தலைமுறைக்கு முன்னால வேண்டிக்கிட்டது" என்று அடப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனார்.

போனவர் வரவில்லை. அடப்பம்தான் வந்தது. ஒரு சேவகன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

காத்தாயி ஓடினாள். கோட்டைக்குப் பின்னால் கைதிகளை அடைக்கிற கொட்டடி. வாசலில் காவல்காரன்.

"ஏம்ப்பா, என் வீட்டுக்காரர் என்ன பண்ணினார்?"

"எனக்குத் தெரியாது ஆத்தா. பூட்டச் சொன்னாங்க, பூட்டினேன்."

"உன்னைத் தலைகீழாப் பிடிச்சு முதுகுல ரெண்டு போட்டு மூச்சுவிட வச்சவ நான். என்கிட்டயே தெரியாதுங்கறியா?"

"சத்தியமாத் தெரியாது ஆத்தா. கொட்டடி அதிகாரியைக் கேளு."

அதிகாரியிடம் போனாள். அவர் ஓலையைப் புரட்டினார். "பேரு இருக்கு. ஊரு இருக்கு. காரணம்னு ஒரு இடம் இருக்கு, அதை எழுதாம விடச் சொன்னாங்க. தானாபதியைக் கேளு."

தானாபதியிடம் போனாள். சூரப்பன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னான்: "காரணம் ராசாவுக்குத்தான் தெரியும்."

"அப்போ ராசாவைப் பாக்கறேன்."

"ராசா விரதத்துல இருக்கார் கெழவி. யார்கிட்டயும் பேசமாட்டார்."

திரும்ப முதலில் இருந்து கேட்டாள். காவல்காரன் அதிகாரியைக் காட்டினான், அதிகாரி தானாபதியைக் காட்டினார், தானாபதி விரதத்தைக் காட்டினான். செக்கு மாடு மாதிரி மூன்று மாதம் சுற்றினாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டுக் கஞ்சி கொண்டுபோக ஆரம்பித்தாள். கொட்டடிச் சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சன்னல். அதன் வழியாகத் தூக்குச்சட்டியை நீட்டுவாள். உள்ளே இருந்து ஒரு கை வரும். நாளுக்கு நாள் அந்தக் கை மெலிந்தது. குளிர் வந்ததும் அந்தக் கைக்கு நடுக்கம் வந்தது, உள்ளே இருமல் வந்தது.

அதற்குள் சூரப்பன் ஊர்க் களஞ்சியத்தையும் திறந்துவிட்டான். வண்டி வண்டியாக நெல் கோட்டைக்குப் போயிற்று. யாரையும் கேட்கவில்லை. ஊர் முணுமுணுத்தது, ஆனால் சத்தம் போடவில்லை. ஏன்? ராசா வேண்டுதலில் இருக்கிறார். மனசு நோகக்கூடாது. அதோடு அந்த வேண்டுதல் பலித்தும் விட்டது! ராணி முழுகாமல் இருந்தாள்.

"ஏ காத்தாயி," என்றார்கள் தெருப் பெண்கள், "ராணிக்கு வலி வந்தா உன்னைத்தான் கூப்பிடுவாங்க. கையைக் கட்டிக்கிட்டு நில்லு. புருசனை விட்டாத்தான் தொடுவேன்னு சொல்லு."

"வயித்துக்குள்ள இருக்கறது யாரை அடைச்சுது?" என்றாள் காத்தாயி. "அதுக்கு இன்னும் விரல்கூட விரியலை."

தை மாதம் ஒருநாள் காலையில் பல்லக்கு வந்தது. அவள் பல்லக்கில் ஏறவில்லை, முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். பிள்ளை கால் முன்னால் வந்து நின்றது. சூரியன் உச்சிக்கு வரும் வரைக்கும் காத்தாயி ராணியோடு மூச்சு வாங்கினாள், ராணியோடு பல்லைக் கடித்தாள், "இன்னும் ஒண்ணு கண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நூறு தடவை சொன்னாள். கடைசியில் ஒரு பெண் பிள்ளை, கருகருவென்று, வந்ததும் வராததுமாக ரீங்காரம் போட்டுக்கொண்டு. காத்தாயி சிரித்துவிட்டாள். "கருவண்டுக்குக் கருவண்டேதான்!"

மறுநாளில் இருந்து அவள்தான் குளிப்பாட்டினாள். மணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பிள்ளையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றுவாள். அப்போது ராசா வந்து நிற்பார். முதல் நாள் குனிந்து முத்தம் கொடுத்தார். பிள்ளை வீல் என்று அலறியது. இரண்டாம் நாள் பூப்போல முத்தம் கொடுத்தார். பிள்ளை அதைவிட அலறியது. மூன்றாம் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனார், முத்தமே கொடுக்கவில்லை, அதற்கே அலறியது.

"ஆத்தா, இவ ஏன் என்னைக் கண்டா அழறா?"

"உங்களைக் கண்டு அழலை சாமி. முள்ளு குத்துது."

ராசா தாடியைத் தடவிக்கொண்டார். அப்புறம், "ஆத்தா, தாயையும் பிள்ளையையும் மீட்டுக் குடுத்திருக்கே. என்ன வேணும், கேளு. பொன் வேணுமா?" என்றார்.

"வேணாம் சாமி."

"நஞ்சை நிலம்?"

"யாரு உழுவா சாமி?"

ராசா குரலை இறக்கி, "அப்போ நல்லாண்டியை விட்டுடறேன். இப்பவே கூட்டிட்டுப் போ" என்றார்.

காத்தாயியின் கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது. ஒன்பது மாதம். பாயில் பாதி இடம் சும்மா கிடந்த ஒன்பது மாதம். சன்னலில் நீளும் அந்த நடுங்குகிற கை. சரி என்று ஒரு வார்த்தை, மத்தியானக் கஞ்சியை அவர் வீட்டில் குடிப்பார், உப்பு பத்தலை என்பார். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கால்மேல் கிடந்த பிள்ளை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தது.

"வேணாம் சாமி" என்றாள். அவள் குரல் அவளுக்கே யார் குரலோ மாதிரி இருந்தது.

"ஏன் ஆத்தா?"

"பரிசாக் குடுத்ததை நாளைக்கு நீங்களே திரும்ப எடுத்துக்குவீங்க. அவர் என்ன தப்பு பண்ணினார்னு சொல்லுங்க. பண்ணியிருந்தா உள்ளேயே இருக்கட்டும், நான் கஞ்சி கொண்டுபோறேன். பண்ணலைன்னா, அவர் வீட்டுக்கு வர்றது நீங்க குடுக்கற பரிசு இல்லை சாமி. அது முன்னாடியே அவரோடது."

காத்தாயி பிள்ளையின் தலையில் தண்ணீரை மெதுவாக விட்டாள். "உங்களுக்கு அப்புறம் வேற ஒரு ராசா வருவார். அதுக்கு அப்புறம் வேற ஒருத்தர். இவ தலை நரைச்சு, கேக்க நாதியில்லாம எங்கேயோ ஒரு மூலையில இருப்பா. ஒருநாள் சேவகன் வந்து இவளைப் பிடிச்சுட்டுப் போறான்னு வைங்க. ஏன்னு கேக்கறதுக்கு இவளுக்கு ஒரு கேள்வி வேணாமா? ஏழு தலைமுறையா அந்தக் கேள்வியை வச்சுக் காப்பாத்தினாங்க. உங்க கையிலயா அது சாகணும், கருவண்டு?"

சொன்ன பிறகுதான் என்ன பெயர் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசா திரும்பிப் போய்விட்டார்.

காத்தாயி நேரே கொட்டடிச் சன்னலுக்குப் போனாள்.

"இந்தாங்க, கேக்குதா? ராசா உங்களை விட்டுடறேன்னார்."

"அப்படியா!" உள்ளே எழுந்திருக்கிற சத்தம். "கதவு எங்கே?"

"நான் வேணாம்னுட்டேன்."

"ஏபுள்ள, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். உள்ளே ஒரு நீண்ட இருமல், இருமலுக்கு நடுவே ஒரு சிரிப்பு.

"முப்பது வருசம் கத்தியை வச்சுக்கிட்டுக் கேட்டேன். நீ செம்பை வச்சுக்கிட்டுக் கேட்டிருக்கே."

"கோவமா?"

"கோவம்தான். நேத்துக் கஞ்சியில உப்பு இல்லை."

சன்னல் வழியாக அந்தக் கை வந்தது. தூக்குச்சட்டிக்காக வரவில்லை. அவள் தலையைத் தேடி வந்தது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

பதினாறாம் நாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள். ஊர் முழுக்கத் திரண்டு மேளதாளத்தோடு கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது. ராசாவின் வேண்டுதல் பலித்தாயிற்று, பலித்தால் தாடியை எடுத்துச் சாமிக்குக் கொடுக்க வேண்டாமா? ஆனால் எந்தச் சாமி என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாச் சாமிக்கும் ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தார்கள்.

"ஐயனாருக்குத்தானே மகராசா? குதிரை செஞ்சு வச்சுட்டேன்" என்றார் குயவர்.

"மாரியாத்தாளுக்குத்தான். கூழு காய்ச்சியாச்சு" என்றாள் ஒருத்தி.

"யாரு சொன்னா? முருகனுக்குத்தான். காவடி தயார்" என்றார் இன்னொருவர்.

மூன்று பேருக்கும் அங்கேயே சண்டை வந்துவிட்டது. "மகராசாவே சொல்லட்டும்! எந்தச் சாமிக்கு?"

சூரப்பன் ராசாவின் காதில், "ஏதாவது ஒரு சாமி பேரைச் சொல்லுங்க. அடுத்த மாசம் வேற வேண்டுதல்னு திரும்ப வளத்துக்கலாம்" என்றான்.

ராசா ஊரைப் பார்த்தார். ஒரு வருஷமாகத் தன் தாடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட முகங்கள். கூட்டத்தின் ஓரத்தில், இடுப்பில் தூக்குச்சட்டியோடு காத்தாயி.

"எந்தச் சாமிக்கும் இல்லை" என்றார் ராசா.

மேளம் நின்றது.

"நான் வேண்டிக்கவே இல்லை. நீங்கதான் எனக்காக வேண்டிக்கிட்டீங்க. நான் மூணு கேள்விக்குப் பயந்து தாடி வளத்தேன்."

கூழ் காய்ச்சினவள்தான் முதலில் பேசினாள். "அட பாவி மகனே" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள், ஆனால் தன் மகனைத் திட்டுகிற குரலில் சொன்னாள்.

ராசா படி இறங்கினார். முதல் படியில் செருப்பைக் கழற்றினார், இரண்டாவது படியில் வாளைக் கழற்றினார், மூன்றாவது படியில் கிரீடத்தைக் கழற்றி வைத்தார். நேரே கொட்டடிக்குப் போய்த் தன் கையால் கதவைத் திறந்தார். வெயிலுக்குக் கண் கூசிக்கொண்டு நல்லாண்டி வந்தார். தோளில் தோல்தான் இருந்தது, சதை இல்லை. ராசா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு இலுப்பை மரத்தடிக்குக் கூட்டிவந்து, மணைப்பலகையில் தான் உட்கார்ந்தார்.

"ஊரே கேட்டுக்கங்க. இவர் பண்ணின தப்பு ஒண்ணுமில்லை. காரணம் எழுதாம விட்ட இடத்துல என் பேரை எழுதுங்க. நல்லாண்டி, கேள்வியைக் கேளு."

காத்தாயி ஓடிப்போய் அடப்பத்தைக் கொண்டுவந்தாள். ஒன்பது மாதமும் கத்திக்குத் துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். நல்லாண்டி கத்தியைக் கையில் எடுத்தார். கை நடுங்கியது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கியது. அந்தக் கத்தி தொண்டையில் போய் நின்றால் ராசா இருக்கமாட்டார்.

"சாமி, என்னால முடியலை" என்றார் நல்லாண்டி. கண் கலங்கிவிட்டது. "குளிர் என் கையைத் தின்னுடுச்சு."

"அப்போ நல்ல நாள் பாத்து இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்று சூரப்பன் முன்னால் வந்தான்.

காத்தாயி புருஷன் கையில் இருந்து கத்தியை வாங்கினாள்.

"பொம்பளையா? வழக்கத்துல இல்லை!" என்றான் சூரப்பன்.

"தாடிக்குப் பின்னால ஒளியறதும் வழக்கத்துல இல்லை" என்றாள் காத்தாயி. "இவருக்குத் தொப்புள்கொடி அறுத்தது இந்தக் கைதான். அன்னைக்கே நடுங்கலை. இன்னைக்கா நடுங்கப்போகுது? நீங்க கேளுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

கத்தி தொண்டையில் உட்கார்ந்தது. நல்லாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். கை நடுங்கினாலும் குரல் நடுங்கவில்லை.

"காரணம் சொல்லாம யாரையாவது அடைச்சு வைப்பியா?"

"வச்சேன். இனிமே வைக்க மாட்டேன்."

"ஊரைக் கேக்காம ஊர் நெல்லைத் தொடுவியா?"

"தொட்டேன். திரும்பக் கொண்டாந்து வைப்பேன். இனிமே தொட மாட்டேன்."

"ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்" என்றார் ராசா. "அதனால எனக்கு என்ன தண்டனை? ஊர் சொல்லட்டும்."

ஊர் கூடிக் கூடிப் பேசியது. கடைசியில் சொன்னார்கள்: "எங்க நாவிதர் ஒன்பது மாசம் உள்ளே இருந்தார். நீங்க ஒன்பது மாசம் கொட்டடியில இருக்கறவங்களுக்கு உங்க கையால கஞ்சி கொண்டுபோய்க் குடுக்கணும். குடுக்கும்போது, நீ ஏன் இங்க இருக்கேன்னு ஒவ்வொருத்தரையும் கேக்கணும்."

"உப்பு போட்ட கஞ்சியா இருக்கட்டும்" என்றார் நல்லாண்டி.

அப்போதுதான் ஊர் சிரித்தது. அழுதவர்களும் சிரித்தார்கள்.

சரி, சூரப்பன் என்ன ஆனான்? கூட்டத்தில் நழுவப் பார்த்தவனைக் குயவர் பிடித்துக்கொண்டார். "இவனைத் தூக்கி அதே கொட்டடியில போட்டுப் பூட்டுங்க!" என்று கத்தினார்கள்.

"நில்லுங்க" என்றார் நல்லாண்டி. "காரணம் சொல்லாம யாரையும் அடைக்கக்கூடாதுன்னு இப்பத்தானே பதில் வாங்கினோம். இவனும் யாரோதான். காரணத்தைச் சொல்லுங்க. அவன் பதிலையும் கேளுங்க."

சொல்லத்தானே வேண்டும்? சொல்ல ஆரம்பித்தார்கள். சூரப்பனை இலுப்பை மரத்தடியில் நிற்க வைத்து, ஒவ்வொரு வீடாக வந்து ஒவ்வொரு காரணம் சொன்னது. என் விதைநெல்லை அள்ளினே என்றார் ஒருவர். என் மாட்டு வண்டியை எடுத்துட்டுப் போய் அச்சை முறிச்சே என்றார் ஒருவர். கெழவின்னு சொன்னே என்றாள் காத்தாயி. ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொல்ல இடம் கொடுத்தார்கள். முதல் நாள் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். இரண்டாம் நாள் ஞாபகமில்லை என்றான். மூன்றாம் நாள், பாதி ஊர் இன்னும் வரிசையில் நின்றபோது, காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "போதும்! ஒத்துக்கறேன்! பூட்டுங்க, தயவுபண்ணிப் பூட்டுங்க!" என்று கெஞ்சினான். மீதிப் பேர் சொல்லி முடித்த பிறகுதான் பூட்டினார்கள். கொட்டடி ஓலையில் அவன் பெயருக்கு நேரே காரணம் எழுத இடம் போதவில்லை, இன்னொரு ஓலை வாங்கி வந்தார்கள். அவனுக்கும் கஞ்சி போயிற்று, உப்புப் போட்ட கஞ்சி, ராசா கையால்.

ராசா கஞ்சி கொண்டுபோய்க் கேட்டதில், ஏன் உள்ளே இருக்கிறோம் என்றே தெரியாமல் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களும் வீட்டுக்குப் போனார்கள். அந்த மூன்று கேள்வியையும் இலுப்பை மரத்தடியில் ஒரு கல்லில் வெட்டி வைத்தார்கள், நாவிதரை அடைத்தாலும் கேள்வியை அடைக்க முடியாதபடிக்கு. அன்றைக்குச் சவரம் முடிந்து, மோவாய் பளபளக்க, ராசா முதல் வேலையாகத் தொட்டிலுக்குத்தான் போனார். குனிந்தார். பிள்ளை அவர் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தது. அழவில்லை.

நல்லாண்டி வீட்டுக்குப் போய்ப் பாயில் தன் பாதி இடத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் கஞ்சி குடித்தார். காத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

"போடவே இல்லை" என்றாள் அவள்.

வருஷங்கள் போயின. ராசாவுக்குப் பின்னால் அந்தப் பெண் பிள்ளையே பட்டத்துக்கு வந்தாள். சித்திரை முதல் நாள் ஊருக்குப் பெரிய குழப்பம். ராணிக்குத் தாடி ஏது? கத்தியை எங்கே வைப்பது? கேள்வியை எப்போது கேட்பது? "வழக்கத்தை விட்டுடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

அதற்குள் அவளே இறங்கி வந்து மணைப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையை நீட்டினாள். முன்பு ஒருநாள் ஒரு மருத்துவச்சியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்ட அதே கை.

"தாடி இல்லைன்னா என்ன? நகம் வளருது, மறதியும் வளருது. மூணு விரல் நகத்தை எடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி கேளுங்க" என்றாள்.

அப்படியே செய்தார்கள். இன்றைக்கும் செய்கிறார்கள்.

கேட்க ஆள் இருக்கிற வரைக்கும்தான் ராசாவும் நல்லவர், ஊரும் ஊர். கொன்றைச் சீமைக் கதை முடிந்தது, கொட்டடிக் கதவு திறந்தது. சொன்ன வாய்க்கு ஒரு வெற்றிலை, கேட்ட காதுக்கு ஒரு தோடு, ஒற்றைக் கண் யானைக்கு ஒரு கட்டுக் கரும்பு.